நோட்டுப் புத்தகத்தில் 2,400 சொற்கள்: பாம்பன் தீவில் ஓர் ஆங்கிலச் சொல்வளப் பயிற்சி

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் பாம்பன் தீவின் மீனவக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்தவர். நான் சொல்லப்போகும் காலம் தொடங்கும்போது அவருக்கு வயது 23. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கடல்சார் உயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தாய், மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் பாசி எடுப்பவர். வெளிநாட்டில் கடல்வள மேலாண்மை படிக்க வேண்டும் என்பது மாணவியின் விருப்பம். அவர் விண்ணப்பிக்க நினைத்த பல்கலைக்கழகம், ஆங்கிலத் திறனை ஒன்பது மதிப்பெண்ணுக்கு அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 6.5 மதிப்பெண்ணும், எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையாத மதிப்பெண்ணும் கேட்டது.

2023 ஜூலையில் மதுரைக்குப் போய் முதன்முறை தேர்வு எழுதினார். கேட்டலில் 6.5, வாசிப்பில் 6, எழுத்தில் 5.5, பேச்சில் 6, மொத்தம் 6 என்று முடிவு வந்தது. கட்டணம் 16,000 ரூபாய்க்கு மேல். அந்தக் குடும்பத்தில் அது இரண்டாவது முறை எளிதில் எடுத்துவைக்கக்கூடிய தொகை இல்லை என்பதால், மறுபடி எழுதுவதற்கு முன் எங்கே தவறியது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியரான என்னிடம் வந்தார். ஆகஸ்டில் தொடங்கினோம். இதை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். எழுதியதைப் படித்து இரண்டு இடங்களில் அவர் திருத்தமும் சொன்னார்.

வரும்போது அவர் கையில் தடித்த நோட்டுப் புத்தகங்கள் மூன்று இருந்தன. இரண்டு ஆண்டுகளாக எழுதி மனப்பாடம் செய்த 2,400 ஆங்கிலச் சொற்கள் அவற்றில் இருந்தன. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். பெரும்பகுதி ஒரு பயிற்சி மையம் கொடுத்த ‘உயர்நிலைச் சொற்கள்’ பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஏறக்குறைய 400 சொற்கள், அவர் இளங்கலை படித்தபோது நானே கொடுத்தவை. மையத்தைக் குறை சொல்ல வாயெடுத்தபோது என் கையெழுத்தை அந்தப் பக்கங்களில் பார்த்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் கண்டவை

மரபுத் தொழில்களை அரசு காக்க வேண்டுமா என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கத்தில் அரிய சொற்கள் 14 இருந்தன. அவற்றில் ஒன்பது, அவை நிற்கக் கூடாத இடத்தில் நின்றன. நோட்டில் ‘பிளெத்தோரா’வுக்கு நேரே ‘மிகுதி’ என்றிருந்ததால், கடற்கரை ஊர்களின் கடும் வறுமையை ‘பிளெத்தோரா ஆஃப் பாவர்ட்டி’ என்று எழுதியிருந்தார். ‘நொட்டோரியஸ்’ என்பதற்கு நேரே ‘பெயர்பெற்ற’ என்றிருந்தது; ஆகவே 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், அவர் கட்டுரையில், கேடுகெட்ட பெயர் வாங்கிய பாலமாகிவிட்டது. இலக்கணப் பிழைகள் மிகக் குறைவு. கட்டுரையைக் கெடுத்தவை அவர் அறியாத சொற்கள் அல்ல. அறிந்ததாக நம்பிய சொற்கள்.

கேட்டலில் வேறொரு குறை தெரிந்தது. துறைமுகம் ஒன்றைப் பற்றிய ஒலிப்பதிவில் படகு கட்டும் துறையைக் குறிக்கும் சொல் ‘கீ’ என்று ஒலித்தது. அவர் அதைச் சாவி என்று எடுத்துக்கொண்டார். மிதவையைக் குறிக்கும் சொல் பிரிட்டிஷ் உச்சரிப்பில் ‘பாய்’ என்று வந்தபோது, சிறுவன் என்று குறித்தார். இரண்டு சொற்களும் நோட்டில் இருந்தன. கண்ணால் பார்த்து, எழுத்துக்கூட்டியபடியே மனத்துக்குள் ‘குவே’ என்றும் ‘புவாய்’ என்றும் ஒலித்துப் பழகியவை என்பதால், காதில் விழுந்தபோது அவரால் அடையாளம் காண முடியவில்லை.

மூன்றாவதாகக் கண்டதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். கடுமையாக உழைக்கும் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னேன். தாயைப் பற்றித் தொடங்கியவர் நாற்பது நொடியில் நின்றுவிட்டார். மார்பளவு நீரில் காலால் தடவி நடப்பது, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்ப்பது, சிப்பி கீறிய காயத்தில் உப்புநீர் எரிவது ஆகியவற்றுக்கு அவரிடம் ஆங்கில வினைச்சொற்கள் இல்லை. ‘எங்கும் நிறைந்த’ என்பதற்கு ‘யுபிக்விட்டஸ்’ தெரியும். நீருக்குள் நடப்பதற்கு ‘வேட்’ தெரியாது.

சோதனை

எண்ணிக்கையாகப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று நினைத்தேன். நோட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 60 சொற்கள் எடுத்தேன். 41 சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் சொன்னார். ஒன்பதை மட்டுமே ஏற்கத்தக்க வாக்கியத்தில் அமைத்தார். அடுத்து, நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலிலிருந்து 60 சொற்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள். எந்தத் துறையின் பாடநூலை எடுத்தாலும் அதன் சொல்லோட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவையாக இருக்கும். ‘இண்டிகேட்’, ‘டெரைவ்’, ‘கான்ஸ்டிட்யூட்’, ‘அட்ரிபியூட்’ போன்ற, பகட்டில்லாத சொற்கள். இவற்றில் 52ஐப் பார்த்ததும் தெரியும் என்றார். பயன்படுத்த முடிந்தது 23. துறைச் சொற்களில் சிக்கலே இல்லை: ‘பெலாஜிக்’, ‘பெந்திக்’, ‘பைகேட்ச்’ எல்லாம் முதுகலை வகுப்பில் பழகியவை, சரியாகவே வந்தன.

பிறகு ஓர் ஆங்கில நாளேட்டின் தலையங்கத்திலிருந்து 400 சொல் கொண்ட பகுதியைக் கொடுத்து, பொருள் உறுதியாகத் தெரியாதவற்றை அடிக்கோடிடச் சொன்னேன். 31 சொற்களுக்குக் கோடு விழுந்தது. அதாவது பதின்மூன்றுக்கு ஒன்று. துணையில்லாமல் ஒரு பனுவலைப் புரிந்து படிக்க அதன் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாதது இருக்கக் கூடாது என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் முன்வைக்கும் கணக்கு. அதைவிடவும் என்னை உறுத்திய செய்தி, அந்த 31இல் நான்கு மட்டுமே நோட்டில் இருந்த சொற்கள் என்பது. இரண்டு ஆண்டு உழைப்பு, அவர் படிக்க வேண்டியிருந்த பக்கங்களை ஏறக்குறைய தொடவே இல்லை.

அடியில் அன்றாடச் சொற்கள் இருந்தன, உச்சியில் அரிய சொற்கள் சிதறிக் கிடந்தன, பக்கவாட்டில் துறைச் சொற்கள் இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய அடுக்கு மெலிந்திருந்தது. இதுவே என் முடிபு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோட்டுகளை மூடிவைக்க வேண்டும் என்பது முதல் முடிவு. மாணவி ஏற்கவில்லை. மூன்று நாள் வகுப்புக்கும் வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது வாதம் செய்யாமல், ‘வாடை’ என்றால் என்ன என்று கேட்டேன். வடக்கிலிருந்து வரும் காற்று என்று தொடங்கியவர் பத்து நிமிடம் பேசினார்: எந்த மாதத்தில் எழும், அது வீசும்போது பாக் விரிகுடாப் பக்கமான வடகடல் எப்படிக் கலங்கும், தொழில் எப்படித் தென்கடலுக்கு மாறும், மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் அது எப்படித் தலைகீழாகும், வாடையோடு கிழக்குக் காற்றான கொண்டல் சேர்ந்தால் அப்பா என்ன சொல்வார் என்பது வரை. பிறகு, நோட்டில் இருந்த ‘எக்சாசர்பேட்’ என்றால் என்ன என்று கேட்டேன். ‘மோசமாக்கு’ என்றார், அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. எதை மோசமாக்கும்? நல்ல நிலையில் இருப்பதை அந்தச் சொல்லால் கெடுக்க முடியுமா? ஏற்கெனவே கெட்டிருப்பதை மேலும் கெடுப்பதற்கு மட்டுமா? அவருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரம் அவருக்கே புலப்பட்டது. அன்று நோட்டுகளைத் தாமே அலமாரியில் வைத்தார்.

நாளொன்றுக்கு எட்டுச் சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டோம். முதலில் காக்ஸ்ஹெட் பட்டியல். அது முடியும் தறுவாயில், அவர் படிக்கும் கட்டுரைகளிலிருந்து அவரே எடுக்கும் சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. முன்பக்கத்தில் சொல் விடுபட்ட ஒரு வாக்கியம். பின்பக்கத்தில் சொல், தமிழ்ப் பொருள், அதோடு வழக்கமாகச் சேரும் இரண்டு துணைச் சொற்கள், சேராத ஒன்று. தணிப்பதைக் குறிக்கும் ‘மிட்டிகேட்’ அட்டையில் பாதிப்பும் இடரும் சேரும் துணைகள். விலை சேராத துணை. அட்டைகளை ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய ஐந்தறைப் பெட்டி முறையில் அடுக்கினோம்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும், பின் அறைகளை நாள் தள்ளித் தள்ளிப் பார்த்தால் போதும். கற்றது தொடக்கத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் மறக்கிறது என்று ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் தம்மையே சோதித்துக் காட்டியதுதான் இதற்கு அடிப்படை. பெட்டி, வலைக்கயிறு வந்த அட்டைப்பெட்டி. நடுவில் தடுப்பு வைத்து அவருடைய தம்பி செய்து கொடுத்தான்.

தமிழை விலக்கவில்லை. ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், தமிழ்ப் பொருளைப் பார்க்கவே கூடாது என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. நான் அதற்கு உடன்படுவதில்லை. நோட்டின் குறை அதில் தமிழ் இருந்தது அல்ல. தமிழ் போதுமான அளவு இல்லாததே. ‘மிட்டிகேட்’ என்பதற்குக் ‘குறை’ என்று எழுதினால் சொல் வழுக்கிவிடும். ‘கடுமையைத் தணி’ என்று எழுதினால் நிற்கும். தணிப்பது நீக்குவது ஆகாது என்பது தமிழிலேயே விளங்கிவிடுகிறது.

ஒலியை எழுத்துக்கு முன்னால் வைத்தோம். வாரத்தில் மூன்று நாள் ராமநாதபுரத்தில் தனிவகுப்பு எடுக்க அவர் போய்வந்தார். 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாததால் போக்குவரத்து முழுவதும் பேருந்தில்தான். அந்த நேரத்தில் அன்றைய எட்டுச் சொற்களின் உச்சரிப்பையும் வாக்கியங்களையும் கைப்பேசியில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகே அட்டை எழுதுவார்.

2023 ஆகஸ்டு முதல் 2024 மார்ச் வரை

அக்டோபர் நடுவில் முறை திணறியது. ஒரே நாளில் பார்க்க வேண்டிய அட்டைகள் 140 சேர்ந்துவிட்டன. எட்டை ஐந்தாகக் குறைத்தோம். ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணம் அல்ல. என் தவறும் இருந்தது. குறைவதைக் குறிக்கும் ‘டிக்ளைன்’, ‘டிமினிஷ்’, ‘டுவிண்டில்’, ‘டிப்ளீட்’, ‘டிடீரியரேட்’ என்ற ஐந்தையும் ஒரே நாளில் கொடுத்திருந்தேன். ஒருசேரக் கற்றால் ஒப்பிட்டு நினைவில் வைப்பார் என்று எண்ணினேன். நடந்தது நேர்மாறு: ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து, எந்த அட்டையும் முதல் அறையை விட்டு நகரவில்லை. பொருள் நெருங்கிய சொற்களைக் கூட்டாகக் கற்பது குழப்பும் என்பது ஆய்வாளர்கள் எச்சரித்த செய்திதான்; வகுப்பறைப் பழக்கம் என்னை அதை மறக்கச் செய்தது. ஐந்தையும் பிரித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வாரம் விட்டோம்.

அவற்றைத் தெளிவாக்கியது தமிழ் இலக்கணமே. ‘டுவிண்டில்’ தன்வினை: மீன் தானாகக் குறைகிறது. ‘டிப்ளீட்’ பெரும்பாலும் பிறவினை: யாரோ, எதுவோ மீன்வளத்தைக் குறைக்கிறது. ‘டிடீரியரேட்’ எண்ணிக்கையைப் பற்றியதே அல்ல, தரம் கெடுவது. குறைகிறது, குறைக்கிறது என்ற வேறுபாட்டைத் தமிழ் பேசுகிறவர் எவரும் தவறவிடுவதில்லை. அதன்பின் ஒவ்வொரு வினைச்சொல் அட்டையிலும் ‘தன்’ அல்லது ‘பிற’ என்று மூலையில் குறிக்கத் தொடங்கினார். இது அவருடைய யோசனை; என்னுடையது அல்ல.

லத்தீன், கிரேக்க வேர்களில் அவருக்கு ஆர்வம் அதிகம். உயிரியல் படித்தவர் என்பதால் அது இயல்பு. கற்ற சொல்லை நினைவில் இருத்த வேர் உதவியது. கற்காத சொல்லை ஊகிக்க வேரை நம்பியபோது சறுக்கியது. ‘இன்வேல்யூவபிள்’ என்பதை, ‘இன்’ என்றால் இன்மை என்று பிரித்து, ‘மதிப்பில்லாத’ என்று எழுதினார். தமிழில் ‘மதிப்பற்ற’ என்பதும் ‘விலைமதிப்பற்ற’ என்பதும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பதைக் காட்டியதும் சிரித்துவிட்டார். பிறகு அந்தச் சொல்லில் பிழை வரவே இல்லை.

ஜனவரியில் இன்னொரு பின்னடைவு. மாதிரிக் கட்டுரைகளில் அரிய சொற்களின் தவறான பயன்பாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கூடவே கட்டுரையின் உயிரும் போய்விட்டது. வாக்கியங்கள் குட்டையாகி, உறுதியாகத் தெரிந்த சொற்களைத் தாண்டி அவர் அடியெடுத்து வைக்கவே இல்லை. சேராத துணைச் சொற்களை நான் வாரந்தோறும் சிவப்பு மையில் வட்டமிட்டதன் விளைவு அது. வாரம் ஒரு கட்டுரையை நான் திருத்தாமல் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று மாற்றினோம். அச்சம் விலக இரண்டு மாதம் ஆனது.

தடைக்காலம், 2024

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நின்றன. தந்தை வீட்டில் இருந்தார். வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் முதலில் தமிழில் எழுதி, அதற்கு ஆங்கிலம் தேடுவது என்று முடிவு செய்தோம். இதைச் செய்ய வேண்டும் என்று ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தும், தேர்வுக்கு நேரடியாக உதவாது என்று நானே தள்ளிப்போட்டிருந்தேன்.

கிழிந்த வலையைப் பொத்துவதற்கு ‘மெண்ட்’, வலை பாறையில் மாட்டிக்கொள்வதற்கு ‘ஸ்நாக்’, கயிற்றின் இரு முனைகளை முறுக்குப் பிரித்துப் பின்னி இணைப்பதற்கு ‘ஸ்ப்ளைஸ்’, வலையை இழுத்தேற்றுவதற்கு ‘ஹால்’, படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரிக்கு ‘பார்னக்கிள்’, நீர் வற்றி இறங்குவதற்கு ‘எப்’ என்று ஏறத்தாழ 120 சொற்கள் சேர்ந்தன. தந்தை செய்து காட்ட, மகள் அகராதியில் தேடி, பொருந்துகிறதா என்று தந்தையிடமே திரும்பக் கேட்டு உறுதி செய்தார். இந்த அட்டைகள் முதல் அறையில் தங்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் கிடைக்கவில்லை. தாய் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவற்றுக்கு அறிவியல் பெயர்கள் உண்டு. பேச்சில் புழங்கும் ஆங்கிலப் பெயர்கள் இல்லை. தமிழ்ப் பெயரையே சொல்லி, அடுத்த மூச்சில் ஒரு தொடரால் விளக்குவதைப் பழகினார். நேர்மாறான பாடம் கட்டுமரத்தில் கிடைத்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், 1697இல் வில்லியம் டாம்பியரின் பயண எழுத்திலேயே இடம்பெற்றுவிட்ட அந்தச் சொல் இன்று அங்கே இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. தாத்தா ‘கேட்டமரான்’ ஓட்டினார் என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் வெள்ளைப் பாய் விரித்த உல்லாசப் படகு வரும். சொந்த ஊர்ச் சொல்லையும் ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

விளைவு

2024 ஜூலையில் இரண்டாம் முறை எழுதினார். கேட்டலில் 7, வாசிப்பில் 7, எழுத்தில் 6, பேச்சில் 6.5, மொத்தம் 6.5. வேண்டியது கிடைத்தது, எழுத்தில் மட்டும் விளிம்பில் நின்று தப்பினார். பேச்சுத் தேர்வில் தாயைப் பற்றிய கேள்வி வரவில்லை. நீர்நிலைக்கு அருகே உள்ள ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டார்களாம். ‘வேட்’, ‘எப்’ இரண்டும் தேடாமலே வாயில் வந்தன என்றார்.

இந்த உயர்வு முழுவதையும் சொல்வளத்தின் கணக்கில் எழுத முடியாது. தேர்வின் அமைப்பு இரண்டாம் முறை பழகியிருந்தது; கட்டுரையைப் பத்தி பிரித்து எழுதுவதிலும் தனியே பயிற்சி நடந்தது. சொற்களைப் பற்றி மட்டும் சொல்வதானால், முதலில் சோதித்த அதே 120 சொற்களைத் தேர்வு முடிந்த மறுவாரம் மீண்டும் கேட்டேன். கல்விசார் 60இல் 58 தெரிந்தன, 47 பயன்பட்டன. நோட்டின் 60இல், முன்பு 41க்குப் பொருள் சொன்னவர் இப்போது 22க்கு மட்டுமே சொன்னார். வாக்கியத்தில் அமைந்தவை 11. மூடிவைத்த நோட்டு மறந்துபோகும் என்பது எதிர்பார்த்ததுதான். அதில் பாதியளவு ஓராண்டுக்குள் போய்விட்டதைப் பார்த்தபோது அவர் முகம் வாடியதை மறைக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அது இல்லாமல் போக முடியாது என்று வீட்டில் கலந்து முடிவெடுத்தார்கள். இப்போது கடற்புல் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராக இருக்கிறார். மாத அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுவது அவர் பொறுப்பு. அட்டைப்பெட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மாற்றிக்கொண்டவை

பட்டியல் கொடுக்கும் முன் சோதிப்பதை இப்போது தவறவிடுவதில்லை. அந்த 120 சொல் சோதனைக்கு இரண்டு மாலைகள் போதுமாக இருந்தன. அதை அவருடைய இளங்கலைக் காலத்தில் செய்திருந்தால், என் கையெழுத்தில் அந்த 400 சொற்கள் நோட்டில் ஏறியிருக்காது. நெருங்கிய பொருளுடைய சொற்களை ஒரே வாரத்தில் கொடுப்பதில்லை. கட்டுரை எழுதுவதை முதல் மாதத்திலேயே தொடங்குகிறேன். மாணவியோடு அது நான்காம் மாதத்தில்தான் தொடங்கியது, எழுத்து மதிப்பெண் அரைப் படி மட்டுமே ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிவப்பு மை ஒன்றுவிட்ட வாரம் மட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுச் சொற்களை எட்டு மாதம் தள்ளிப்போடுவதில்லை. இந்த ஆண்டு வரும் இருவரில் ஒருவர் மண்டபம் பக்கத்துக் கருவாட்டு வியாபாரியின் மகன். முதல் வகுப்பில், வீட்டில் நடக்கும் வேலையை இரண்டு நிமிடம் தமிழில் சொல்லச் சொன்னேன். மீனைக் கீறுவதிலிருந்து உப்பிட்டுக் காயவைப்பது வரை நிறுத்தாமல் சொன்னார். உப்பிட்டுப் பதப்படுத்துவதற்கு ஆங்கிலத்தில் ‘க்யூர்’ என்று சொன்னபோது நம்பவில்லை; அது நோயைக் குணமாக்குவதற்கான சொல் என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே தமக்குத் தெரியும் என்றார். அகராதியை எடுத்துப் பார்த்துவிட்டு, தம் பெட்டியின் முதல் அட்டையாக அதைத்தான் எழுதினார். மூலையில் ‘பிற’ என்று குறித்துக்கொண்டார்.